சம்பளம் குறைந்தாலும் ஒளியை விடாத சர் சி.வி. ராமன்

ஜொகூர் பாருவில் வீடுகளுக்கு வரும் அதிவேக இணையம், தலைமுடி அளவே பருமனுள்ள கண்ணாடி இழைக்குள் ஒளியாக ஓடி வருகிறது. அத்தகைய இழைக்குள் ஒளி காட்டும் வித்தைகளில் ஒன்றுக்கு ஒரு தமிழரின் பெயர் உண்டு. அதுதான் ராமன் விளைவு.

சந்திரசேகர வெங்கட்ட ராமன் 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை கல்லூரி ஆசிரியராக இருந்த விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தபோது வயது 18. இங்கிலாந்து சென்று படிக்க உடல்நிலை இடம் தராது என மருத்துவர் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க அன்றைய இந்தியாவில் வழியில்லை. 1907-இல் நிதித் துறையில் சேர்ந்து கல்கத்தாவில் அரசாங்க அதிகாரியானார்.

ஆனால் மனம் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தைத் தேடிப் போனார். அலுவலகம் போகுமுன் விடியற்காலையிலும், வேலை முடிந்த பின் இரவிலும் அங்கே ஆய்வு செய்தார். 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் வெகுவாகக் குறைவு. இருந்தும் அரசாங்க வேலையை உதறினார்.

1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில், மத்தியத்தரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று நிறுவினார்.

தொடர் ஆய்வுகளின் பலன் 1928 பிப்ரவரி 28-இல் கிட்டியது. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்தார். ஒரே நிற ஒளியைத் திரவத்தில் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. ஒளி தன் சக்தியில் கொஞ்சத்தை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிடுவதே காரணம். மாஸ்கோவில் லண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் இருவரும் ஏறக்குறைய அதே நேரத்தில் படிகங்களில் இதையே கண்டிருந்தனர். அறிவிப்பதில் ராமன் முந்திக்கொண்டார். 1930-இல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனுக்குரிய பங்கு பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை.

லேசர் வந்த பின்னர் இந்தக் கண்டுபிடிப்புக்குப் புது மவுசு பிறந்தது. வலுவான லேசர் துடிப்பைத் தனி வகைக் கண்ணாடி இழையில் செலுத்தினால், அந்த ஒளியின் செறிவே கண்ணாடியின் தன்மையைச் சற்று மாற்றுகிறது. ராமன் விளைவும் சேர்ந்து ஒளியைச் சிவப்புப் பக்கம் தள்ளுகிறது. ஒரு நிறமாக நுழைந்த ஒளி, பல நிறங்களாக விரிந்து வெளியேறுகிறது. நெடுந்தூரத் தடங்களில் 1,450 நானோமீட்டர் ஒளி, 1,550 நானோமீட்டரில் செல்லும் தகவல் ஒளிக்கு வலுவூட்டுவதும் இந்த விளைவால்தான். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஒளியிழை ஆய்வுகள் நடக்கின்றன.

1933-இல் பெங்களூர் சென்ற ராமன், 1948-இல் அங்கே தம் பெயரில் ஆய்வுக் கழகம் கண்டார். 1970 நவம்பர் 21-ஆம் தேதி காலமானார். கழகத் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது. பிப்ரவரி 28 இந்தியாவின் தேசிய அறிவியல் தினம். அன்று நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லலாம்.