முயலை இழந்தவர் கட்டிய பூங்கா

2006-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் இரண்டு பெரிய ஊடக நிறுவனங்கள் விநோதமான பண்டமாற்று ஒன்றைச் செய்துகொண்டன. டிஸ்னி குழுமத் தொலைக்காட்சியுடன் ஒப்பந்தத்தில் இருந்த புகழ்பெற்ற விளையாட்டு வர்ணனையாளர் ஆல் மைக்கேல்ஸ், என்.பி.சி. யுனிவர்சல் நிறுவனத்துக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டார். அதற்கு ஈடாக டிஸ்னி பெற்றவற்றுள் ஒன்று, 1927-ல் வரையப்பட்ட ஒரு கார்ட்டூன் முயலின் உரிமை. அந்த முயலின் பெயர் ஆஸ்வால்டு. அதைப் படைத்த வால்ட் டிஸ்னி அப்போது மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகவிருந்தன.

ஒரு கதாபாத்திரத்தைப் படைத்தவர் வேறு, அதற்கு உரிமையாளர் வேறாக இருக்க முடியும் என்பதை வால்ட் டிஸ்னி இளமையிலேயே கசப்போடு கற்றுக்கொண்டார். அந்தப் பாடமே அவருடைய பிற்கால முடிவுகள் பலவற்றை வழிநடத்தியது. இன்று உலகின் கேளிக்கைப் பூங்காக்களில் எந்த ஊர்தி ஓட வேண்டும், எது மூடப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒப்பந்தங்களின் தர்க்கத்தை அவருடைய வாழ்க்கையிலிருந்தே புரிந்துகொள்ள முடியும்.

நியூயார்க்கில் கிடைத்த பாடம்

வால்டர் எலியாஸ் டிஸ்னி 1901 டிசம்பர் 5 அன்று சிகாகோவில் பிறந்தார். மிசௌரி மாநிலத்தின் மார்சலின் என்ற சிற்றூரில் பண்ணைவீடு ஒன்றில் கழிந்த சில ஆண்டுகள் அவர் மனத்தில் அழியாமல் பதிந்தன. ரயில்கள் மீதான தீராத ஆசையும் அங்கேதான் முளைவிட்டது. முதல் உலகப் போர் முடிந்த தறுவாயில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டுநராகப் பிரான்ஸ் சென்று திரும்பினார். கன்சாஸ் சிட்டியில் அவர் தொடங்கிய முதல் கார்ட்டூன் நிறுவனம் 1923-ல் திவாலானது. அதே ஆண்டு ஹாலிவுட் சென்று, அண்ணன் ராய் டிஸ்னியுடன் சேர்ந்து புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஆஸ்வால்டு முயல் அவருக்கு முதல் பெரிய வெற்றியைத் தந்தது. படங்களை யுனிவர்சல் வெளியிட்டது. இடையில் விநியோகஸ்தராக இருந்தவர் சார்லஸ் மின்ட்ஸ். 1928-ன் தொடக்கத்தில், ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் தொகை கேட்பதற்காக வால்ட் நியூயார்க் சென்றார். கூடுதலுக்கு மாறாகக் குறைந்த தொகையே கிடைக்கும் என்றார் மின்ட்ஸ். அதற்குள் வால்டின் ஓவியர்களில் பெரும்பாலானவர்களைத் தன் பக்கம் ஒப்பந்தம் செய்துகொண்டும் இருந்தார். முயலின் உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. வால்ட் மறுத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

உடன் நின்ற நண்பர் அப் ஐவர்க்ஸின் கைவண்ணத்தில் உருவானது மிக்கி மவுஸ். 1928 நவம்பர் 18 அன்று மிக்கியின் ஒலிப்படம் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. இம்முறை உரிமை டிஸ்னி சகோதரர்களின் கையில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பொம்மை, கைக்கடிகாரம், புத்தகம் என எல்லாவற்றிலும் மிக்கியின் உருவத்தைப் பயன்படுத்துவதற்கான உரிமங்கள் அவர்களுக்குப் பெரும் வருவாயை ஈட்டித் தந்தன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வால்டின் கூடத்தில் உழைத்த ஓவியர்களுக்கும் தாங்கள் வரைந்தவற்றின் மீது எந்த உரிமையும் இருக்கவில்லை. ஊதியம், திரையில் பெயர், தொழிற்சங்க அங்கீகாரம் ஆகியவற்றுக்காக 1941-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வால்ட் அதைத் தனிப்பட்ட துரோகமாகவே கருதினார். தாம் ஒருகாலத்தில் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள் என்பதை அவர் காணத் தவறினார்.

தொலைக்காட்சி கட்டிய கோட்டை

பூங்கா ஒன்றை அமைக்க வேண்டும் என்ற கனவை வால்ட் முன்வைத்தபோது, அண்ணன் ராய் உட்பட நிறுவனத்தில் பலரும் தயங்கினர். வால்ட் தன்னுடைய ஆயுள் காப்பீட்டின் மீது கடன் வாங்கினார். பூங்காவை வடிவமைக்க 1952-ல் சொந்தமாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். எனினும், பெரும்பணம் வேறிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அன்று மூன்றாம் இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்த ஏ.பி.சி. தொலைக்காட்சிக்கு நல்ல நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. வாராந்திர நிகழ்ச்சி ஒன்றை டிஸ்னி தயாரித்துத் தர, ஏ.பி.சி. பூங்காவில் 5 லட்சம் டாலர் முதலிட்டு, கடன்களுக்கும் உத்தரவாதம் அளித்தது. பூங்கா நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான பங்கு அதற்குக் கிடைத்தது. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனாஹெய்மில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது.

உலகின் மிகப் புகழ்பெற்ற கேளிக்கைப் பூங்கா, பிறப்பிலேயே ஓர் ஊடக ஒப்பந்தத்தின் குழந்தை. திறப்பு நாளிலிருந்தே அங்கிருந்த பீட்டர் பான் சவாரிகூட உரிமத்தின் பயன்தான். எழுத்தாளர் ஜே.எம்.பாரி, பீட்டர் பான் உரிமையை லண்டனின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடையாக அளித்திருந்தார். அந்த மருத்துவமனையிடமிருந்து 1939-ல் டிஸ்னி திரைப்பட உரிமத்தைப் பெற்றது. திரைப்படம் 1953-ல் வந்தது. அதிலிருந்து சவாரி பிறந்தது.

உரிமையின் அருமையை உணர்ந்திருந்த வால்ட், தன் சொந்த நிறுவனத்திடமும் அதே கவனத்துடன் நடந்துகொண்டார். அவருடைய பெயரைப் பயன்படுத்த, டிஸ்னி நிறுவனம் அவருடைய குடும்ப நிறுவனத்துக்கு உரிமத்தொகை செலுத்தியது. பூங்காவைச் சுற்றி ஓடிய நீராவி ரயிலும், 1959-ல் வந்த மோனோரயிலும் குடும்ப நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன. பார்வையாளர்கள் எவருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1980-களின் தொடக்கத்தில்தான் டிஸ்னி நிறுவனம் பெயருரிமையோடு அவற்றையும் வாங்கிக்கொண்டது.

ஏ.பி.சி.யின் பங்குகளை 1960-ல் திரும்ப வாங்கி, பூங்காவைத் தன் நிறுவனத்தின் முழு உடைமையாக்கினார் வால்ட். 1966 டிசம்பர் 15 அன்று நுரையீரல் புற்றுநோயால் காலமானபோது அவருக்கு வயது 65. ஃபுளோரிடாவில் அவர் திட்டமிட்டிருந்த இரண்டாவது பூங்காவை, ஓய்வைத் தள்ளிப்போட்டு, ராய் 1971-ல் திறந்துவைத்தார். காலம் செய்த விந்தையாக, அன்று பூங்காவுக்கு முதலீடு தந்த அதே ஏ.பி.சி.யை 1990-களின் நடுவில் 1,900 கோடி டாலருக்கு டிஸ்னி விலைக்கு வாங்கியது.

ஆறு பிரிக்கும் எல்லை

வால்ட் கற்ற பாடத்தை அவருக்குப் பின் வந்தவர்கள் கைவிடவில்லை. ஸ்டார் வார்ஸ் சவாரி 1987-ல் உரிமத்தின் பேரில் டிஸ்னிலேண்டுக்கு வந்தது. 2012-ல் அதை உருவாக்கிய லூகாஸ் ஃபிலிம் நிறுவனத்தையே டிஸ்னி வாங்கியது. அவதார் உலகம் ஃபுளோரிடாவில் 2017-ல் உரிமத்தின் பேரில் திறக்கப்பட்டது; 2019-ல் உரிமம் தந்த ஃபாக்ஸ் நிறுவனமே டிஸ்னியின் உடைமையானது.

ஆனால், வாங்கிவிட்டால் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்பதற்கில்லை. 2009-ல் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து மார்வெல் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியது. அதற்கு முன்பே, 1994-ல், யுனிவர்சல் பூங்காவின் அன்றைய உரிமையாளர்களுடன் மார்வெல் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. அதன் விளைவாக, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, யுனிவர்சல் பயன்படுத்தும் மார்வெல் கதாபாத்திரங்களை டிஸ்னி தன் பூங்காக்களில் பயன்படுத்த முடியாது. ஹல்க், ஸ்பைடர்மேன் சவாரிகள் ஃபுளோரிடாவில் இன்றும் போட்டியாளரின் பூங்காவிலேயே ஓடுகின்றன. ஆற்றுக்கு மேற்கே, கலிஃபோர்னியாவில், தடை இல்லை. அங்கே வேறொரு தொலைக்காட்சி நிறுவனத்தின் உரிமத்தில் இயங்கிய ‘டுவைலைட் ஸோன்’ கோபுரச் சவாரி 2017-ல் மூடப்பட்டு, அதே கட்டிடம் மார்வெல் சவாரியாக உருமாறியது.

பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் மப்பெட் முப்பரிமாணக் காட்சி ஃபுளோரிடாவில் 1991-ல் தொடங்கியது. தன் நிறுவனத்தை டிஸ்னிக்கு விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, முந்தைய ஆண்டில் ஹென்சன் மறைந்துவிட்டார், பேச்சும் முறிந்தது. மப்பெட் பாத்திரங்களை 2004-ல்தான் டிஸ்னி வாங்கியது. உரிமை முழுமையாகக் கைக்கு வந்தும் அந்தக் காட்சிக்கு அது காப்பாகவில்லை. நிறுவனத்துக்குச் சொந்தமான வேறொரு படத்தின் உலகுக்கு இடம்விட்டு, 2025 ஜூனில் அது மூடப்பட்டது. ஹென்சன் கடைசியாக உழைத்த படைப்புகளில் ஒன்று அது.

பார்வையாளருக்குப் பங்கில்லை

டிஸ்னிலேண்ட் ஒருபோதும் முற்றுப்பெறாது, கற்பனை உள்ளவரை வளரும் என்பது வால்டின் கொள்கை. ஆகவே மாற்றத்தைக் குறைசொல்ல அவரையே துணைக்கு அழைக்க முடியாது. ஆனால், ஒரு சவாரி பழையதாகிவிட்டதால் மறைவது வேறு. உரிமம் முடிந்ததாலோ, புதிதாக வாங்கிய பாத்திரத்துக்கு இடம் தேவைப்பட்டதாலோ மறைவது வேறு. தந்தையின் தோளில் அமர்ந்து ஒரு காட்சியைக் கண்ட குழந்தை, முப்பது ஆண்டுகள் கழித்துத் தன் குழந்தையை அங்கே அழைத்துவருகிறது. அந்த நினைவு எந்த ஒப்பந்தத்திலும் ஒரு தரப்பாக இடம்பெறுவதில்லை. குறைந்தபட்சம், மூடப்படும் காட்சிகளை முறையாக ஆவணப்படுத்தவும், மூடுவதற்கான உண்மைக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவும் இந்நிறுவனங்கள் கடமைப்பட்டவை.

அனாஹெய்மில் டிஸ்னிலேண்டுக்கு எதிரே உள்ள இரண்டாவது பூங்காவில், 1920-களின் பெட்ரோல் நிலையத்தைப் போல அமைக்கப்பட்ட ஒரு கடை 2012-ல் திறக்கப்பட்டது. அதன் பெயர்ப்பலகையில் இருப்பது ஆஸ்வால்டின் பெயர். இருபத்தாறு வயதில் தன் முயலைப் பறிகொடுத்து ஊர் திரும்பிய இளைஞர் அதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அந்த முயலை வீடு சேர்த்ததும் ஓர் ஒப்பந்தம்தான் என்பதையும் அவர் உடனே புரிந்துகொண்டிருப்பார்.