எஸ். எஸ். வாசன்

எஸ். எஸ். வாசன் (சுப்பிரமணியம் சீனிவாசன்; இறப்பு: ஆகஸ்ட் 26, 1969) தமிழக இதழாளர், புதின எழுத்தாளர், திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குநர் ஆவார். ஆனந்த விகடன் இதழின் உரிமையாளராகவும் ஜெமினி ஸ்டூடியோவின் நிறுவனராகவும் பரவலாக அறியப்படுகிறார். மதுப்பழக்கத்தை எதிர்த்து அவர் எழுதிய சதி லீலாவதி என்ற குற்றப் புதினம் அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை.

இளமை

பூதலூர்ப் பகுதியிலிருந்து கிழக்கே கடற்கரை வரை பரந்துள்ள காவிரிப் பாசன நெல்வயல்களின் கடைமடையில் அமைந்துள்ளது திருத்துறைப்பூண்டி. வாசன் இங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தார். அன்று தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. சிறுவயதிலேயே தந்தையை இழந்த வாசன் தாயாருடன் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பச்சையப்பன் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, விளம்பர முகவராகவும் அஞ்சல்வழி விற்பனையாளராகவும் தொழில் செய்தார்.

ஆனந்த விகடன்

பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனை வாசன் 1928இல் விலைக்கு வாங்கினார். இதழின் பெயரிலுள்ள எட்டு எழுத்துக்களுக்கு எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வதுண்டு. நகைச்சுவையும் குறுக்கெழுத்துப் போட்டிகளும் இதழின் விற்பனையைப் பெருக்கின.

1930களின் தொடக்கத்தில் விகடனின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தியும் தஞ்சை மாவட்டத்துக்காரரே. இராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குப் பரப்புரைக்காகவே நடத்திய விமோசனம் என்ற இதழில் அவர் முன்னர்ப் பணியாற்றியிருந்தார். ஆகவே மதுவிலக்கு விகடனுக்கு வெளியிலிருந்து வந்த பொருள் அன்று.

சதி லீலாவதி

வாசனின் இப்புதினம் விகடனில் தொடராக வெளிவந்தது. செல்வந்தனான கிருஷ்ணமூர்த்தி தீய நண்பனின் தூண்டுதலால் குடிக்கு அடிமையாகிக் கடனில் மூழ்குகிறான். போதையில் நண்பன் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைக்குத் தப்பி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். மனைவி லீலாவதி இராட்டையில் நூல் நூற்று வறுமையில் வாழ்கிறாள். கொலை, மாறுவேடம், துப்பறிதல், நீதிமன்றம் எனக் கதை விரைவாக நகர்கிறது. அறிவுரையைக் குற்றக் கதைக்குள் மறைத்துத் தந்ததே இதன் வலிமை எனலாம்.

கதையின் மூலம் வாசனுடையதன்று. இங்கிலாந்து எழுத்தாளர் திருமதி ஹென்றி வுட் 1860இல் எழுதிய டேன்ஸ்பரி ஹவுஸ் என்ற புதினத்தைத் தழுவியது அது. ஸ்காட்லாந்து மதுவிலக்குச் சங்கத்தின் 100 பவுண்டு பரிசை வென்ற நூல் அது. கிருஷ்ணசாமிப் பாவலரின் பதி பக்தி நாடகமும் இதே சாயலில் அமைந்திருந்தது. இரண்டு கதைகளும் திரைப்படமாக உருவானபோது, சதி லீலாவதி திருடப்பட்ட கதை என்று பதி பக்தி தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். இரண்டுக்குமே ஆங்கிலப் புதினம்தான் மூலம் என்று வாசன் ஒப்புக்கொண்டதால் வழக்கு நிற்கவில்லை. சொந்தப் படைப்பு என்ற பெருமையை விட்டுக்கொடுத்தே அவர் படத்தைக் காப்பாற்றினார். தழுவலை மறைப்பது வழக்கமாயிருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி 1936இல் வெளிவந்தது. எம். கே. ராதா நாயகனாகவும் டி. எஸ். பாலையா வில்லனாகவும் நடித்தனர். காவல் ஆய்வாளராகச் சிறு வேடமேற்ற எம். ஜி. இராமச்சந்திரனுக்கு இதுவே முதற்படம்.

மறு ஆண்டு, அக்டோபர் 1, 1937 அன்று இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்கள் சேர்ந்தன. தஞ்சாவூர் இம்முதற்கட்டத்தில் இடம்பெறவில்லை. மாகாண வருவாயில் பெரும் பங்கு கள், சாராயக் கடைகளிலிருந்தே வந்ததால், இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971இல் விலக்கப்பட்ட அது சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 1981இல் அதை நீக்கியதும், 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தை ஏற்படுத்தியதும் எம். ஜி. ஆர். முதலமைச்சராயிருந்த அரசே.

திரையுலகம்

1940களின் தொடக்கத்தில், தீ விபத்துக்குள்ளான ஒரு படப்பிடிப்பு நிலையத்தை வாசன் ஏலத்தில் வாங்கி ஜெமினி ஸ்டூடியோ எனப் பெயரிட்டார். பெரும் பொருட்செலவில் எடுத்த சந்திரலேகா (1948) தமிழிலும் இந்தியிலும் வெளிவந்தது. அதன் முரசு நடனக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஔவையார் (1953) மற்றொரு புகழ்பெற்ற படம்.

வாசன் 1964 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1969இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவர் அவ்வாண்டிலேயே சென்னையில் காலமானார். இந்திய அஞ்சல் துறை 2004இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. ஸ்டூடியோ இருந்த இடத்தருகே 1973இல் கட்டப்பட்ட அண்ணா மேம்பாலத்தைச் சென்னை மக்கள் ஜெமினி பாலம் என்றே அழைக்கின்றனர்.