பந்து வீசிய கையும் பட்டியல் எழுதிய கையும்

பழவேற்காட்டுத் தோழர்களே! வலை வீசுபவர் நீங்கள். விலை வைப்பவர் வேறொருவர். பந்து வீசிய தமிழர் ஒருவருக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

1909-ல் மொரப்பாக்கத்தில் பிறந்தவர் எம். ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் வல்லவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவிலே இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் ஆடினார். அந்த நவம்பரில், சேப்பாக்கத்தில், ரஞ்சிப் போட்டியின் முதல் பந்தை வீசியவரும் அவரே. 1935-ல் தியான்சந்த் அணியுடன் நியூசிலாந்து சென்று ஹாக்கி ஆடினார்.

வந்தது 1936! ஹாக்கிக்குப் பெர்லின் ஒலிம்பிக். கிரிக்கெட்டுக்கு இங்கிலாந்துப் பயணம். ஒன்றைத்தான் ஏற்க முடியும். கிரிக்கெட்டை ஏற்றார். அந்த அணிக்குத் தலைவர் யார்? விஜயநகரம் ஜமீன் இளவரசர்! மூன்று டெஸ்டிலும் ஆடி, இளவரசர் எடுத்த ஓட்டம் மொத்தம் 33. கோபாலனுக்கோ ஒன்றிலும் இடமில்லை. பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வென்றது. அந்தத் தங்கமும் போயிற்று!

2003-ல் மறைந்த கோபாலன் வாழ்நாளில் ஆடிய டெஸ்ட், கல்கத்தாவில் ஆடிய அந்த ஒன்றே. அரண்மனையில் பிறந்தவருக்கு ஆடுகளம். ஆற்றல் பெற்றவருக்கு ஓரத்து நாற்காலி!

பின்னாளில் தேர்வுக் குழுவிலே அமர்ந்தார் கோபாலன். பாடம் அதுதான் தோழர்களே! திறமை இருந்தால் மட்டும் போதாது. திறமையை எடைபோடும் இடத்திலும் உழைப்பவன் அமர வேண்டும்.