நோய் நாடிய அன்னை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைச் சட்டமன்றம் புகுந்த முதல் பெண்மணியாகவும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய வீராங்கனையாகவும், அவ்வை இல்லம் கண்ட அன்னையாகவும் நம் தமிழ் மாணவர்கள் அறிவர். மைசூரில் மருத்துவம் பயிலும் எனக்கோ, அவர் வாழ்வின் வேறொரு பக்கமே நெஞ்சில் நிற்கிறது. நோயை உரிய காலத்தில் அறியாமற்போன துயரத்திலிருந்து பிறந்த பக்கம் அது.

1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் அம்மையார் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்களே பயின்ற மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளுக்கிடையே மன்னரின் துணையால் இடம் பெற்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார்.

டாக்டராக விளங்கிய அவர் இல்லத்திலேயே இடி விழுந்தது. அருமைத் தங்கையின் குடலைப் பற்றிய புற்றுநோயை முதலில் சீதபேதி என்றே மருத்துவர்கள் கருதினர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923இல் தங்கை மறைந்தார்.

இத்தகைய மயக்கம் இன்றும் நேரக்கூடியதே. உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் அடினாய்டு சிஸ்டிக் என்னும் அரிய புற்றுநோயை எண்ணிப் பாருங்கள். காதோரத்திலோ, தாடையின் கீழோ, அண்ணத்திலோ சிறு கட்டியாகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். பொன்னுக்குவீங்கி என்றோ பல்நோய் என்றோ எண்ணி வாளா இருந்துவிடுவோர் உண்டு. அதுவோ நரம்பின் வழியே ஊர்ந்து செல்லும். முகம் மரத்துப்போதலும் ஒருபுறம் கோணுதலும் அதன் அறிகுறிகள். ஊசியால் உயிரணுக்களை எடுத்தோ, சிறு சதைத் துண்டை அறுத்தோ சோதித்தாலன்றி உண்மை புலப்படாது. நுண்ணோக்கியில் அதனை முதன்முதல் நான் கண்டபோது, சல்லடைக் கண்கள் போன்ற துளைகளோடு பார்வைக்கு அழகாகவே இருந்தது. அந்த அழகுக்குள் ஒளிந்திருக்கும் கொடுமையை அறிவதற்கன்றோ நாங்கள் பயில்கிறோம்! வள்ளுவரும் மருந்துக்கு முன்னே நோயையும் அதன் காரணத்தையும் ஆராயும்படியே பணித்தார்.

அம்மையார் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. 1925இல் மேற்கல்விக்காக இங்கிலாந்து சென்றார். அங்குப் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். நம் நாட்டிலும் அத்தகையதொன்று வேண்டும் என்று 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் எடுத்துரைத்தார். தீராத நோய்க்குப் பொருளை ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்டவர்கள் பலர். அவர் தளரவில்லை, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பிறந்தது. மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர்.

1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவர் நட்ட மரம் இன்றும் நிழல் தருகிறது.

தோழர்களே! நீங்கள் பயில்வது வரலாறாகலாம், வணிகமாகலாம். ஆயினும் உங்கள் வீட்டில் ஒருவர் முகத்திலோ கழுத்திலோ கரையாத கட்டி ஒன்றைக் காட்டினால், வலியில்லையே என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலத்தில் அறியப்படாமல் மறைந்த அந்தத் தங்கைக்கும், அவளை மறவாத தமக்கைக்கும் நாம் செலுத்தக்கூடிய வணக்கம் இதுவே.