தமிழிசை வளர்த்த தந்தை ஆபிரகாம் பண்டிதர்

இசையால் இறைவனைப் புகழ்வது கிறிஸ்தவ வாழ்வில் புதிதன்று. தாவீது அரசர் யாழ் மீட்டித் துதித்தார். புனித செசிலியம்மாள் இசைக்குப் பாதுகாவலியாக விளங்குகிறாள். நம் தமிழகத்திலும், இசை இறைவன் தந்த கொடை என்று நம்பித் தம் பொருளையும் காலத்தையும் அதற்கே செலவிட்ட குடும்பத் தலைவர் ஒருவர் வாழ்ந்தார். அவரே தஞ்சை ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அவரைப் பற்றி நம் போன்ற பெண் பிள்ளைகள் அறிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்று உண்டு.

தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரில் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் அவர் பிறந்தார். எளிய குடும்பம். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியரானார். அவர் சங்கீதப் பரம்பரையில் பிறந்தவர் அல்லர்; ஆர்வம் ஒன்றே அவருக்கு முதலாக இருந்தது. திண்டுக்கல்லில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடிலும் இசையும் கற்றார். சித்த மருத்துவத்திலும் நாட்டம் மிகுந்து, சுருளி மலைக்குச் சென்று கருணானந்தர் என்னும் துறவியை அடுத்து மருந்து முறைகளைக் கற்றார். தாம் கிறிஸ்தவர், அவர் மலைவாழ் முனிவர் என்ற வேற்றுமையை அவர் பாராட்டவில்லை. பிற்காலத்தில் தம் தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்றும், தம் பெருநூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் பெயரிட்டார். குருவின் பெயரை இவ்வளவு நன்றியோடு சுமந்தவர்கள் சிலரே!

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு தஞ்சைக்கு வந்து, கணவனும் மனைவியும் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணியாற்றினர். பெண்களைப் பள்ளிக்கு அனுப்பவே பலர் தயங்கிய காலம் அது. அந்தப் பள்ளியில் கழிந்த ஆண்டுகளே பின்னாளில் தம் வீட்டுப் பெண்களை அவர் வளர்த்த முறைக்கு வித்தாயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1890-இல் ஆசிரியப் பணியை விட்டு மருத்துவத்தில் முழுமையாக இறங்கினார். அவருடைய கோரோசனை மாத்திரை கடல் கடந்தும் புகழ் பெற்றது. செல்வம் பெருகியது. தோட்டக்கலை, கரும்புச் சாகுபடி, நிழற்படக் கலை, அச்சுக்கூடம் என்று அவர் கை வைக்காத துறை இல்லை. 1909-இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

இவ்வளவு செல்வம் வந்தால் பலர் மாளிகை கட்டி அமர்ந்துவிடுவர். பண்டிதரோ அதனை இசையாராய்ச்சியில் கொட்டினார். அக்காலத்தில் இசை பயிலும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே கிடைத்தன. பொருள் தெரியாமலே பாடினர். ஆகவே கடவுளைத் துதிக்கும் கீர்த்தனைகளையும், தொடக்க மாணவருக்குரிய பயிற்சிப் பாடல்களையும் தாமே தமிழில் இயற்றி வெளியிட்டார்.

அதற்கும் மேலாக அவரை ஒரு கேள்வி வாட்டியது. ஆர்மோனியத்தில் ஒரு 'ச'விலிருந்து மேல் 'ச' வரைக்கும் பன்னிரண்டு சுரங்களே உள்ளன. ஆனால் நன்றாகப் பாடுபவரின் குரல் இவற்றுக்கு இடையிலும் நுட்பமாக வளைந்து செல்கிறது அல்லவா? அந்த நுண்ணிய ஒலிகளே சுருதிகள். அவை எத்தனை? 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாரங்கதேவர் 22 என்றார். பண்டிதர்கள் அதையே வழிவழியாகச் சொல்லி வந்தனர். அந்தக் கணக்கு வீணையில் சரியாக வரவில்லை என்று கண்டார் ஆபிரகாம் பண்டிதர். பழந்தமிழ் நூல்களில் விடை தேடினார். உ. வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்த சிலப்பதிகாரமும் அதன் அடியார்க்கு நல்லார் உரையும் அவருக்குப் பெருந்துணையாயின. அந்த உரையாசிரியரைக் கொங்கு நாட்டு நிரம்பை ஊரினர் என்பர். அவ்வகையில் தஞ்சைப் பண்டிதரின் ஆராய்ச்சியில் நம் கொங்கு மண்ணுக்கும் பங்குண்டு என்று நாம் மகிழலாம். தமிழர் கணக்கில் சுருதிகள் 24 என்பதே அவர் கண்ட முடிவு.

தனியே முடிவு கட்டிக்கொண்டு அவர் இருந்துவிடவில்லை. 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்தார். வித்துவான்களை அழைத்துத் தம் சொந்தச் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். தம் கருத்தை மறுப்பவர்களையும் மேடைக்கு அழைத்தார்.

1916-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. வடநாட்டிலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் பேரறிஞர் பலர் வந்திருந்தனர். 22 என்று நம்பிய சபையில் 24 என்று நிறுவ வேண்டும். கட்டுரை மட்டும் படித்தால் போதாது. காதுக்குக் கேட்கச் செய்ய வேண்டும். அதற்காக அவர் அழைத்துச் சென்றது பெரிய வித்துவான்களை அல்ல. மகள் மரகதவல்லியையும் தம் குடும்பத்துப் பெண்ணான கனகவல்லியையும்தான்!

இதன் அருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் சபை நடுவே வீணை வாசிப்பதை ஊரார் இழிவாகப் பேசிய நாள்கள் அவை. தந்தை ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்ட முடிவு, ஒரு பெண்ணின் விரல் நுனியில் நின்றது. விரல் ஒரு நூலளவு பிசகினாலும் சபை நகைத்துவிடும். தம் பெயரையும் உழைப்பையும் நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அவர்களை அவர் பயிற்றுவித்திருந்தார். பெண் பிள்ளைக்கு நகை செய்து போடுவதினும் பெரிய சீர் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கலங்காமல் வாசித்துக் காட்டினர். எல்லா அறிஞரும் பண்டிதரின் கணக்கை ஏற்றுக்கொண்டனர் என்று கூற முடியாது. சுருதி பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை.

1917-இல் கருணாமிர்த சாகரம் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக, அவருடைய சொந்த அச்சுக்கூடத்திலேயே அச்சாகி வெளிவந்தது. கடல்கொண்ட பழந்தமிழ் நிலப்பரப்பைப் பற்றி அதில் அவர் எழுதியவற்றை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. ஆனால் பழந்தமிழர் பண்களைப் பற்றி ஆராயப் புகுவோர் அந்நூலைத் தொடாமல் செல்வதில்லை.

நூலின் இரண்டாம் பகுதிக்கும் எழுதி வைத்திருந்தார். அது அச்சேறுவதைக் காண அவருக்கு ஆயுள் போதவில்லை. 1919-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள், அறுபது வயது நிறைந்த அதே மாதத்தில், இறைவனடி சேர்ந்தார்.

கையெழுத்துப் படிகள் வீட்டில் காத்திருந்தன. இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 1946-இல், இரண்டாம் பகுதி நூலாக வெளிவந்தது. அதனை வெளியிட்டவர், பரோடாவில் வீணை வாசித்த மகள் மரகதவல்லி.