உடலைப் படித்த ஆசான்

ஹெப்பகோடியிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில், கோலார் மாவட்டத்தில் பெல்லூர் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1918ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் பி.கே.எஸ். ஐயங்கார் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். மலேரியா, காசநோய், டைபாய்டு ஆகியவை அடுத்தடுத்துத் தாக்கியதால் இளமையிலேயே உடல் நலிந்தார்.

1934ஆம் ஆண்டு அவருடைய தமக்கையின் கணவரும் யோக ஆசிரியருமான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அவரை மைசூருக்கு அழைத்துக்கொண்டார். கடும் பயிற்சியால் உடல் மெல்லத் தேறியது. 1937ஆம் ஆண்டு குருவின் ஆணைப்படி புனே நகருக்குக் கற்பிக்கச் சென்றார். அப்போது அவருக்கு வயது 18. மராத்தி மொழி தெரியாது, உற்றார் எவருமில்லை. மாணவர்களோ அவரைவிட உடல்வலிமையும் கல்வியும் மிக்கவர்கள். அவர் அஞ்சி ஊர் திரும்பவில்லை. நாள்தோறும் பல மணிநேரம் பயின்று, தம் உடலையே நூலாகக் கொண்டு கற்றார்.

நேராக நிற்பதும் ஒரு கலை என்பதை அவர் உணர்ந்தார். ஒரு காலில் மட்டும் எடையைத் தாங்கி நின்றால் இடுப்பும் முதுகும் கோணும். ஆகவே இரு பாதங்களிலும் எடை சமமாகப் பரவ வேண்டும் எனக் கற்பித்தார். முதியோரும் நோயுற்றோரும் பயிலும் பொருட்டு மரக்கட்டை, கயிறு, நாற்காலி முதலியவற்றைத் துணைக்கருவிகளாக்கினார்.

1952ஆம் ஆண்டு புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெகுதி மெனுகின் மும்பைக்கு வந்தார். மேலைநாட்டு வயலின் கலைஞர்கள் முகவாய்க்கும் தோளுக்கும் இடையே கருவியைத் தாங்கி நெடுநேரம் வாசிப்பர். அதனால் கழுத்தும் தோளும் இறுகும். களைப்புற்றிருந்த மெனுகின் ஐயங்காருக்குச் சில நிமிடங்களே ஒதுக்கியிருந்தார். சந்திப்போ ஒரு மணிநேரத்தையும் கடந்தது. வயலின் வாசிக்கத் தெரியாத ஐயங்காரைத் தம் சிறந்த வயலின் ஆசிரியராகவே மெனுகின் பின்னாளில் போற்றினார். 1954இல் அவரை ஐரோப்பாவுக்கும் அழைத்தார். 1966இல் வெளிவந்த ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’ நூலுக்கு அவரே முன்னுரை எழுதினார்.

2014ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது பெற்ற ஐயங்கார், அவ்வாண்டே ஆகஸ்டு 20ஆம் நாள் புனேயில் மறைந்தார். மொழி அறியாத ஊருக்குச் சென்ற நலிந்த இளைஞர், அவ்வூரிலிருந்தே உலகிற்கு ஆசானானார்.

சொல்லும் பொருளும்
தமக்கை – அக்காள்
முகவாய் – மோவாய்
நலிந்த – மெலிந்த

சிந்தித்து எழுதுக
1. புனேயில் ஐயங்கார் எதிர்கொண்ட இடர்கள் யாவை?
2. வகுப்பில் நீ அமரும் முறையை ஒரு நாள் கவனித்து, ஐந்து வரிகளில் எழுதுக.