சூரிய ஒளிக்குக் கணக்குப் பார்த்த ஆசிரியர்

ரஷ்ய நாட்டிலுள்ள கலூகா நகரில், குருக்களின் புதல்வியருக்கென்று திருச்சபை நடத்திய பள்ளி ஒன்று இருந்தது. (அந்நாட்டுத் திருச்சபையில் குருக்கள் மணம் புரிவதுண்டு.) அங்கே 1899 முதல் பௌதிகம் கற்பித்தவர் காது கேளாத ஓர் ஆசிரியர். தகரத்தால் தாமே செய்துகொண்ட நீண்ட குழலைக் காதில் வைத்துக்கொண்டுதான் மாணவியரின் விடைகளைக் கேட்பார். அவர்தாம் விண்வெளி யுகத்தின் தந்தை எனப் பின்னாளில் உலகம் போற்றிய கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி.

1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் இஷெவ்ஸ்கோயே என்னும் சிற்றூரில் பிறந்தார். பத்து வயதளவில் வந்த கொடிய காய்ச்சல் அவருடைய செவிப்புலனைப் பறித்துக்கொண்டது. பள்ளிப்படிப்பு நின்றது. பதின்மூன்றாம் வயதில் தாயையும் இழந்தார். பதினாறு வயதில் மாஸ்கோ சென்று, மூன்றாண்டுகள் பொது நூலகமே கல்லூரியாகக் கணிதமும் விஞ்ஞானமும் தாமே பயின்றார். தந்தை அனுப்பிய சொற்பப் பணம் புத்தகங்களுக்கும் இரசாயனப் பொருள்களுக்கும் போய்விடும். கறுப்பு ரொட்டியே உணவு. அந்த வயதில் நம்மில் எத்தனை பேருக்கு இது கைகூடும்?

பின்னர் தேர்வெழுதி ஆசிரியரானார். பகலில் வகுப்பு, இரவில் ஆராய்ச்சி. 1887-இல் வீடு தீப்பற்றியது. 1908-இல் ஓகா நதியின் வெள்ளம் வீட்டினுள் புகுந்தது. இருமுறையும் அவருடைய எழுத்துகள் பல அழிந்தன. மீண்டும் உட்கார்ந்து எழுதினார்.

அவரை விடாமல் பற்றியிருந்த கணக்கு ஒன்று உண்டு. சூரியன் எல்லாத் திசைகளிலும் ஒளியை வாரி இறைக்கிறது. அதில் நம் பூமியின்மேல் விழுவது ஏறத்தாழ 220 கோடியில் ஒரு பங்குதான்! எஞ்சியதில் மற்றக் கிரகங்கள் பெறுவதும் சிறு துளியே. ஏனையதெல்லாம் இருண்ட வெளியில் போய்விடுகிறது. நமக்குக் கிடைக்கும் அந்தத் துளியையும் இரவும் மேகமும் காற்று மண்டலமும் குறைத்துவிடுகின்றன. ஆகவே மனிதன் வெளியே சென்று அச்சக்தியைப் பெற வேண்டும் என்று அவர் கருதினார். 1895-இல் வெளிவந்த நூலிலேயே இந்த எண்ணம் காணப்படுகிறது. சூரிய வெப்பத்தில் பயிர் வளர்க்கும் கண்ணாடித் தோட்டங்கள் விண்ணில் மிதப்பதாகப் பிற்பாடு ஒரு கதையும் எழுதினார்.

அங்கே போவது எப்படி? திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் எரித்துச் செல்லும் ராக்கெட்டால் முடியும் என 1903-இல் கணித முறையில் விளக்கினார். ரைட் சகோதரர்களின் விமானம் அப்போது இன்னும் பறந்திருக்கவில்லை. கட்டுரையைக் கவனித்தவர்கள் வெகு சிலரே.

விண்ணில் பெறும் சக்தியை அங்கு வாழப்போகும் மக்களுக்கென்றே அவர் பெரிதும் எண்ணினார். அதைப் பூமிக்கு அனுப்பும் திட்டத்தை 1968-இல் வகுத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் பீட்டர் கிளேசர். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஆண்டில் சில நாள்கள் சற்று நேரம் தவிர, எப்போதும் பகல்தான். அங்கே பரந்த சூரியத் தகடுகளை நிறுத்தி, பெறும் மின்சாரத்தை நுண்ணலைகளாக மாற்றிக் கீழே அனுப்ப வேண்டும்; தரையிலுள்ள வாங்கிகள் அதை மறுபடி மின்சாரமாக்கும். சொல்வது எளிது. ஆயிரக்கணக்கான டன் எடையை மேலேற்றும் செலவு இத்திட்டத்துக்குப் பெருந்தடையாக நின்றது. 2023-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் விண்கலமொன்றில் சுமார் ஓரடி தூரம் நுண்ணலைகளால் சக்தியை அனுப்பிச் சிறு விளக்குகளை எரியவைத்தனர். அவர்கள் பூமியை நோக்கிச் செலுத்திய மெல்லிய அலைகளும் கழகத்தின் கூரைமேல் வைத்த கருவியில் பதிவாயின.

ஆசிரியர் 1935 செப்டம்பர் 19-இல் கலூகாவிலேயே காலமானார். அவர் பெயரால் அந்நகரில் அமைந்த விண்வெளி அருங்காட்சியகத்துக்கு 1961-இல் அடிக்கல் நாட்டியவர், அவ்வாண்டு முதன்முதலில் விண்ணில் பறந்து திரும்பிய யூரி ககாரின்.